பெரிய திரை கேட்ட தேவகி மேடம்

லேப்டாப் வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். அதிலும் ஆபீஸ் வேலைக்கான பெரிய திரை லேப்டாப். பட்டியல் போட்டுத் தர இணையத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் விற்கிறவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறார்கள் என்பது என் சந்தேகம். ரிட்டயர் ஆகி செங்கல்பட்டில் வீட்டோடு இருந்தும் இந்தப் புத்தி என்னை விடவில்லை. காய்கறிக்காரர் எடை போடும்போது நான் தராசைப் பார்ப்பதில்லை, அவருடைய கட்டை விரலைப் பார்க்கிறேன்.

நீங்கள் சேர்ந்திருக்கும் இந்தக் கொள்முதல் சோதனைப் பிரிவில் எனக்கு முதுகுக்குப் பின்னால் ‘எக்ஸ்ரே’ என்று பெயர். அது எனக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். நானும் தெரியாத மாதிரியே இருந்துகொண்டேன். பட்டியலுக்குப் பதிலாக, அந்த எக்ஸ்ரே கோட்டை விட்ட கதையைச் சொல்கிறேன். எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே தப்பை நீங்களும் செய்யப் போகிறீர்கள், அதனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டீலர் கொண்டுவரும் லேப்டாப்பை நான் எடுத்தவுடன் திறந்து பார்க்கமாட்டேன். முதலில் குப்புறப் போட்டு அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களைப் பார்ப்பேன். ஸ்க்ரூத் தலையில் கீறல் இருந்தால் உள்ளே யாரோ கை வைத்திருக்கிறார்கள். நோட்டீசில் போட்டிருக்கும் எடை சார்ஜர் இல்லாத எடை. பெரிய திரை லேப்டாப்பின் சார்ஜர் அரைச் செங்கல் கனம் இருக்கும். இரண்டையும் பையில் போட்டு நானே தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்குவேன். மூடியை ஒரு மூலையில் மட்டும் பிடித்துத் தூக்கி, கீல் முனகுகிறதா என்று கேட்பேன். கம்ப்யூட்டரைத் திணறவைக்கும் கனமான டிராயிங் ஃபைல் ஒன்றைத் திறந்து ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மணிக்கட்டு படும் இடம் சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பேன்.

இதையெல்லாம் யாரும் செய்யலாம். நான் பெருமையடித்துக்கொண்ட வழக்கம் ஒன்று தனியாக உண்டு. வாங்குவதற்கு முன் லேப்டாப்பை ஒரு வாரம் அதைப் பயன்படுத்தப் போகிறவரிடமே கொடுத்துவிடுவேன். அவர் ஒரு படிவத்தில் நிறைகுறைகளை எழுதித் திருப்பித் தருவார். படிவத்தை நான் கடைசியில்தான் படிப்பேன். முதலில் லேப்டாப்பின் செட்டிங்ஸைத் திறந்து, அந்த ஒரு வாரத்தில் அவர் எதையெல்லாம் மாற்றியிருக்கிறார் என்று பார்ப்பேன். ‘வெளிச்சம் போதும்’ என்று எழுதிய ஆள் வெளிச்சத்தை முழுசாக ஏற்றி வைத்திருந்தால், திரை மங்கல் என்று குறித்துக்கொள்வேன். படிவத்தில் மனிதர்கள் மரியாதைக்காகப் பொய் எழுதுவார்கள், செட்டிங்ஸுக்கு மரியாதை தெரியாது என்பது என் கட்சி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் கம்பெனி செய்வது வண்டிகளின் பிரேக் பாகங்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பாகத்தின் டிராயிங் பட்டறைக்குப் போகும் முன், அதிலுள்ள ஒவ்வொரு அளவையும் கோட்டையும் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுகிறவர் செக்கர். அப்போது பன்னிரண்டு செக்கர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மேசைக் கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு லேப்டாப் கொடுப்பதென்று முடிவானது. இரண்டு மாடல்கள் போட்டியில் இருந்தன. ஒன்று கம்பெனி முழுக்க ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பதினைந்து இன்ச். இன்னொன்று பதினேழு இன்ச், விலையும் கூட, கனமும் கூட. தொழிற்சாலைத் தலைவரான பிளான்ட் ஹெட்டுக்குப் பதினைந்தின் பக்கம்தான் மனசு. பதினேழுதான் வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர் ஒரே ஒருவர், சீனியர் செக்கர் தேவகி மேடம்.

மேடம் சிங்கப்பெருமாள் கோயில்காரர். கோயிலுக்குப் பின்தெருவில் வீடு. பிரதோஷத்தன்று மட்டும் அரைநாள் லீவு கேட்பார், மற்றபடி லீவு என்ற பேச்சே இருக்காது. இருபது வருஷமாக அவர் கையெழுத்துப் போட்ட டிராயிங் ஒன்றுகூடப் பட்டறையிலிருந்து திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு பொருளுக்கு வக்காலத்து வாங்கினால் எனக்கு உறுத்தாதா?

அந்தப் பதினேழு இன்ச்சை விற்றவர் பாபு. செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை. அந்த லேப்டாப் கம்பெனிக்காரர்கள் எங்களை மாமல்லபுரம் போகும் வழியில் ஒரு கடற்கரை விடுதிக்குக் கூப்பிட்டு லேப்டாப்பைக் காட்டினார்கள். இருட்டு ஹால், ஏசி, திரையில் கலர் கலராக மீன்கள் நீந்துகின்றன. எல்லோரும் ஆகா என்றார்கள். மீனை யார் பார்த்தாலும் ஆகா என்றுதான் சொல்வார்கள். நான் லேப்டாப்பை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே வராந்தாவுக்குப் போய், வெயிலில் வைத்து ஒரு டிராயிங்கைத் திறந்தேன்.

“இன்னா சார், பொண்ணு பாக்க வந்தா மாதிரி வெளிச்சத்துல வச்சி திருப்பித் திருப்பிப் பாத்துகினு கீறீங்க,” என்றார் பாபு. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“பொண்ணு பார்க்கப் போனா மூக்கும் முழியும்தான் பார்ப்பாங்க. நான் எலும்பையும் பார்க்கணும்பா,” என்றேன்.

அப்போது தேவகி மேடம் வந்து திரைக்கு வெகு அருகில் குனிந்து பார்த்தார். பாபு அவரைப் பார்த்ததும், “அக்கா, வாக்கா, நல்லா பாரு, நம்ம தெருக்காரன் சரக்கு மட்டமா இருக்குமா?” என்றார். மேடம் முகம் ஒரு மாதிரி ஆகி, “ஆபீஸ்காரங்க முன்னாடி அக்கா கிக்கான்னு கூப்டாத பாபு,” என்று நகர்ந்துவிட்டார். எனக்கு இது போதுமானதாக இருந்தது. ஒரே தெரு. அக்கா, தம்பி. எனக்குள் அன்றைக்கே வழக்கு எழுதித் தீர்ப்பும் எழுதியாகிவிட்டது, சாட்சி தேடுவதுதான் பாக்கி.

சாட்சியும் கிடைத்தது. ஒரு வாரச் சோதனைக்குப் பதினேழு இன்ச்சை மேடத்திடம் கொடுத்திருந்தேன். திரும்பி வந்ததும் வழக்கம்போல் செட்டிங்ஸைத் திறந்தேன். எழுத்தின் அளவு இரண்டேகால் மடங்கு. மவுஸ் அம்பு கட்டை விரல் பருமனுக்குக் கன்னங்கரேலென்று இருந்தது. வெளிச்சம் முழுசு. பிறகு படிவத்தைப் படித்தேன். ‘திரை மிக நன்று. எழுத்து தெளிவு. குறை ஒன்றுமில்லை’ என்று எழுதி, கீழே கையெழுத்து.

என் மூளை எப்படி ஓடியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பெரிய திரை வேண்டும் என்று கேட்பவர்கள் நிறைய விஷயம் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும் என்றுதானே கேட்பார்கள்? எழுத்தை இரண்டேகால் மடங்கு ஊதிவிட்டால் பதினேழு இன்ச்சில் தெரிவது சின்னத் திரையில் தெரிவதை விடக் குறைவு. அப்படியானால் இவருக்குப் பெரிய திரையே தேவையில்லை. தேவையில்லாததை ஏன் கேட்கிறார்? தெருத் தம்பிக்காக. எழுத்தை ஏன் ஊதினார்? இந்தத் திரையில் எழுத்து கண்ணைக் குத்துகிறது, அந்தக் குறையை மறைத்துவிட்டார். நானே பழைய அளவுக்கு மாற்றி வைத்து ஒரு முழு டிராயிங்கைப் பார்த்தேன். எனக்கு எழுத்து தெளிவாகத்தான் தெரிந்தது. அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. நீண்ட நேரம் பார்த்தால் குத்தும் போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சந்தேகம் முற்றிவிட்டால் சொந்தக் கண் சொல்வதைக்கூடக் கேட்கத் தோன்றாது.

ஒரு காரியம் மட்டும் செய்யவில்லை. மேடத்தின் மேசை என் அறையிலிருந்து நாற்பது அடி தூரம். எழுந்து போய், “ஏன் மேடம் இவ்வளவு பெரிசா வச்சிருக்கீங்க?” என்று கேட்டிருக்கலாம்.

கமிட்டிக் கூட்டத்தில் பிளான்ட் ஹெட், கணக்குப் பிரிவு மேலாளர், மருத்துவத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் மனிதவள மேலாளர், தேவகி மேடம் எல்லோரும் இருந்தார்கள். நான் செட்டிங்ஸ் பக்கத்தைப் பெரிதாகச் சுவரில் போட்டுக் காட்டினேன். குரலில் கொஞ்சம் ருசி இருந்திருக்கும். கையும் களவுமாகப் பிடிக்கும்போது யாருக்கும் வருகிற ருசிதான்.

“மேடம், குறை ஒன்றுமில்லைன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் எழுத்தை எதுக்கு இரண்டேகால் மடங்கு ஆக்கினீங்க?”

நான் படிவத்தை அவர் பக்கம் தள்ளினேன். “இது உங்க கையெழுத்துதானே? பார்த்துச் சொல்லுங்க.”

அவர் காகிதத்தை எடுத்தார். முகத்துக்கு நேராகக் கொண்டுபோனார். பிறகு தலையை இடது பக்கமாக லேசாகத் திருப்பி, மூலையிலிருந்த தண்ணீர் கேனைப் பார்த்தார். கேனைப் பார்த்தபடியே, “ஆமா சார், என் கையெழுத்துதான்,” என்றார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் கேனைப் பார்க்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது. காகிதத்தைப் பார்க்கத்தான் முகத்தைத் திருப்பினார். நேராகப் பார்த்தால் அவருக்கு அது தெரியவில்லை.

நம் கம்பெனி விதி உங்களுக்குத் தெரியும். செக்கர்களுக்கு வருஷம் ஒரு முறை கண் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் கையெழுத்துப் போடும் உரிமை போய்விடும். செக்கருக்குக் கையெழுத்துதான் வேலை, அது போனால் வெறும் நாற்காலிகூட மிஞ்சாது. அடுத்த பரிசோதனைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. மனிதவள மேலாளர் சுவரையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு கேள்வி விழுந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவன் நான்.

“ஒரு நிமிஷம் சார்,” என்றேன் பிளான்ட் ஹெட்டிடம். “இந்த செட்டிங்ஸை நான்தான் மாத்தினேன். சூடு ஏறுதான்னு பார்க்க எல்லாத்தையும் ஏத்தி வச்சேன். பழையபடி வைக்க மறந்துட்டேன். இப்பத்தான் ஞாபகம் வருது.”

வடிகட்டின பொய். பிளான்ட் ஹெட் என்னைப் பார்த்து, “நீங்களே மறக்க ஆரம்பிச்சிட்டா நாங்க எங்க போறது?” என்றார். கணக்குக்காரர் சிரித்தார். அடுத்த வாரம் கூடுவோம், அதற்குள் பதினேழு வேண்டும் என்பதற்கு உருப்படியான காரணம் வராவிட்டால் பதினைந்துதான் என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார்கள்.

மேடம் நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். மனிதப் புத்தி அப்படி. கேன்டீனில் கை கழுவும் குழாய்களுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார். ஆபீசில் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். அன்று வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

“சார், நான் கேட்டேனா உங்கள?”

“இல்லை மேடம்.”

“அப்பறம் இன்னாத்துக்குப் பொய் சொன்னீங்க? மொதல்ல எல்லார் முன்னாடியும் என்னைத் திருடி மாதிரி நிக்க வச்சீங்க. அப்பறம் ஐயோ பாவம்னு காப்பாத்துறீங்க. ரெண்டுமே எனக்கு அசிங்கம்தான் சார்.”

நான் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவரே தொடர்ந்தார்.

“வலது கண்ணுல நடுவுல மூட்டம் போட்டா மாதிரி கீது. நேரா பாத்தா மறைஞ்சிடும், ஓரமா பாத்தா தெரியும். இடது கண்ணு இப்ப பரவால்ல. மெதுவாத்தான் போவும்னு டாக்டர் சொல்லிகினு கீறாரு. வூட்ல யாருக்கும் தெரியாது. பொண்ணு பொத்தேரி காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிக்குது, அதுகிட்ட கூட சொல்லல.”

“அதுக்குப் பெரிய திரை...” என்று இழுத்தேன்.

“சின்னத் திரைல எழுத்தப் பெருசு பண்ணா படம் வெளிய பூடுது சார். ஒரு அளவப் பாத்துட்டு அது எந்தக் கோட்டுக்குன்னு தேடிப் போனா, அளவு இருந்த இடம் தொலைஞ்சி போவும். பெரிய திரைல ரெண்டும் ஒண்ணா நிக்கும். அவ்ளோதான் சார் காரணம். பாபுவுக்கும் இதுக்கும் ஒண்ணும் கெடையாது.”

எத்தனையோ வருஷம் திரைகளைத் தட்டித் தடவிப் பார்த்தவன் நான். எழுத்தைப் பெரிதாக்கியும் படம் உடையாமல் பார்க்க ஒருவருக்குப் பெரிய திரை தேவைப்படலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் தம்பிகளே, தங்கைகளே, இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும். பாவம் பார்த்ததும் சந்தேகத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வரும்போது முன்னால் பைக்குகள் போய்க்கொண்டிருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒருவர் சிக்னலில் சடக்கென்று பிரேக் அடித்தார், வண்டி நின்றது. அந்த பிரேக்கில் ஏதோ ஒரு துண்டு யாரோ ஒரு செக்கர் கையெழுத்துப் போட்ட துண்டு. ஒரு பொய் சொல்லி நான் அந்தக் கையெழுத்துக்கு ஜாமீன் நின்றிருக்கிறேன். எனக்குப் பயம் வந்துவிட்டது.

மறுநாள் மேடத்தின் மேசைக்கு நானே போனேன். அந்த நாற்பது அடி தூரத்தை அப்போதுதான் நடந்தேன்.

“மேடம், மன்னிச்சிடுங்க. ஆனா நீங்க பார்க்கிறது பிரேக் பாகம். எனக்குச் சந்தேகம் தீரணும்.”

அவர் கோபப்படவில்லை. “எனக்குத் தெரியாம என் பழைய டிராயிங்க நோண்டாதீங்க. சோதிக்கணும்னா என் முன்னாடி ஒக்காந்து சோதிங்க,” என்றார்.

நான் பழைய டிராயிங்குகள் மூன்றை எடுத்து ஒவ்வொன்றிலும் ஐந்து தப்புகளை ஒளித்து வைத்தேன். ஒரு இடத்தில் புள்ளியை நகர்த்தினேன், ஒரு இடத்தில் கோட்டை அரை மயிரிழை விலக்கினேன். மனசாட்சியில்லாமல்தான் ஒளித்தேன். மத்தியானம் என் அறையில் முதல் டிராயிங்கைப் பதினைந்து இன்ச்சில் திறந்து கொடுத்தேன். இரண்டைத்தான் கண்டுபிடித்தார். ஒவ்வொரு முறையும் இடம் தொலைந்து, திரும்பத் திரும்ப முதலிலிருந்து தேடினார். கழுத்தெல்லாம் வேர்வை. இரண்டாவது டிராயிங்கைப் பதினேழில் கொடுத்தேன். நான்கை மளமளவென்று பிடித்தார். ஐந்தாவது, வலது ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு. இரண்டு முறை அதைத் தாண்டிப் போனார். மூன்றாவது முறையும் தாண்டிவிட்டு, “அவ்ளோதான் சார், நாலுதான்,” என்றார்.

“அஞ்சு மேடம்.”

அவர் முகம் செத்துப் போனது. இங்கே ஐந்தில் ஒன்றை விட்டவர் நாளைக்கு பிரேக்கிலும் ஒன்றை விடுவார். அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். எழுந்து போகப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ தனக்குப் பின்னாலிருந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, திரையின் வலது ஓரத்தைக் கையால் மறைத்துப் பார்த்தார்.

“சார், இந்த எடத்துல ஜன்னலு விழுது.”

நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். மேற்கு வெயில் ஜன்னல் வழியாக வந்து, பளபளக்கும் திரையின் வலது ஓரத்தில் வெள்ளைப் பட்டையாக விழுந்திருந்தது. நான் பக்கவாட்டில் நின்றதால் எனக்குத் தெரியவில்லை. விடுதியில் வெயிலில் வைத்துப் பார்த்தேன் என்று பெருமைப்பட்டேனே, அன்று மேலே ஓட்டுக் கூரை இருந்தது, பின்னால் சுவர் இருந்தது. ஒரு செக்கர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து நான் பார்க்கவே இல்லை.

பாபுவை போனில் பிடித்தேன். “யோவ், இதுலயே வெளிச்சம் திருப்பாத மேட் திரை உண்டா இல்லையா?”

“கீது சார். அதே ரேட்டுதான். ஷோவுக்கு மின்னுறதுதான் எடுப்பா இருக்கும்னு இத்தக் குட்த்தேன்.”

“மீன் காட்டவா?”

“ஆமா சார்,” என்றார் வெகுளியாக. அவரிடம் நான் தேடிய திருட்டுத்தனம் இவ்வளவுதான். மறுநாளே மேட் திரை போட்ட பீஸைக் கொண்டுவந்து வைத்தார்.

அதே நேரம், அதே ஜன்னல், மூன்றாவது டிராயிங். மேடம் தலையைக் கொஞ்சம் சாய்த்தபடி, அவசரமில்லாமல், மூலையிலிருந்து மூலைக்குப் போனார். ஐந்தும் வந்தன.

அடுத்த கூட்டத்துக்கு நான் ஒரு காரணம் தயாரித்து வைத்திருந்தேன். வெளிச்சம், ஜன்னல், மேட் திரை, கண் களைப்பு என்று பொதுவாக. மேடத்தின் பெயர் வராமல் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தேன். நான் வாயைத் திறக்கும் முன் மேடம் எழுந்துவிட்டார்.

“சார், போன வாரம் அவர் சொன்னது பொய். அந்த செட்டிங்ஸ நான்தான் வச்சேன். எனக்கு ஒரு கண்ணு கொறைஞ்சிகினு வருது.”

பிளான்ட் ஹெட் என்னிடம் திரும்பினார். பொய் சொன்னதற்குக் கேட்பார் என்று தயாராக இருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. “நீங்க யாரையும் நம்பாத ஆள். இவங்க கையெழுத்தை நம்புவீங்களா?” என்றார்.

“மாட்டேன் சார்,” என்றேன். மேடம் என் பக்கம் திரும்பினார். “ஆனா பன்னிரண்டு பேர் கையெழுத்தையும் நம்பமாட்டேன். இவங்க ஒருத்தரைத்தான் நான் சோதிச்சுப் பார்த்திருக்கேன். அஞ்சு தப்பு ஒளிச்சு வச்ச டிராயிங், அஞ்சையும் பிடிச்சாங்க. அதே டிராயிங்கை மத்த பதினோரு பேருக்கும் கொடுங்க. அதுக்கப்புறம் பேசலாம்.”

கொடுத்தார்கள். கழுகுக் கண் என்று பெயர் வாங்கிய ஒரு பையன் மூன்றை விட்டான். ஐந்தையும் பிடித்தவர்கள் மேடத்தைச் சேர்த்து நான்கு பேர். பிளான்ட் ஹெட் அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பன்னிரண்டு பேருக்கும் மேட் திரை போட்ட பதினேழு இன்ச் வந்தது. கம்பெனி டாக்டர் மேடத்தை அந்த லேப்டாப்பை வைத்தே பரிசோதித்து, இந்தத் திரையோடு வேலை செய்யலாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை. வாரம் ஒரு முறை, அவர் பார்த்து முடித்த டிராயிங்கில் ஒன்றை நானாக உருவி எடுத்து மறுபடி பார்க்க வேண்டும். மேடம் ஒத்துக்கொண்டார். பொய் சொன்னதற்கு எனக்கு ஒரு கடிதமும் வந்தது. வர வேண்டியதுதான்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் ஒரு டிராயிங்கை உருவுவேன். எத்தனை மணிக்கு எடுப்பேன், எதை எடுப்பேன் என்று யாருக்கும் தெரியாது. கஷ்டமானதாகப் பார்த்து எடுப்பேன். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பேன். ஒன்றரை வருஷம் பார்த்தேன். ஒரு தப்பும் கிடைக்கவில்லை. நிஜமாகச் சொல்கிறேன், சில வெள்ளிக்கிழமைகளில் ஏதாவது கிடைத்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே தேடினேன். அந்த மாதிரி தேடுகிறவன் நல்ல சோதனைக்காரன் இல்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு திங்கட்கிழமை காலை, மேடம் என் அறைக்கு வந்தார். கையில் பெரிய தாளில் அச்செடுத்த ஒரு டிராயிங்.

“சார், இதுல ஒண்ணு விட்டுட்டேன்.”

எனக்கு முதலில் புரியவில்லை. “பட்டறைக்குப் போயிடுச்சா?”

“இல்ல. காலைல நானே நிறுத்திட்டேன்.”

“எப்படித் தெரிஞ்சுது?”

“எனக்கு என் மேலயே சந்தேகம் சார். மொத நாளு பாத்தத அடுத்த வேலை நாளு வந்து திரும்பப் பாப்பேன். இத்தினி நாளா அப்டித்தான் செஞ்சிகினு கீறேன். இன்னிக்குத்தான் மொத தடவை ஒண்ணு சிக்கிச்சி.” கொஞ்சம் நிறுத்தினார். “இனிமே நான் கையெழுத்துப் போடக் கூடாது சார். சப்ளையர் பட்டறைங்களுக்குப் போய் டிராயிங்கப் படிக்கச் சொல்லித் தர ஆள் கேட்டுகினு கீறாங்களாமே, அதுக்குப் பேர் குட்த்துட்டேன். மேல சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

நான் தாளை மேசையில் விரித்தேன். கீழே மூலையில் அவருடைய கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்து, போன வெள்ளிக்கிழமை தேதியோடு. என்னுடையது. மூன்று நாளுக்கு முன் நான் உருவிப் பார்த்து ஓகே போட்ட டிராயிங்தான் அது.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடினேன். மேலிருந்து கீழாகத் தேடினேன், பிறகு ஒவ்வொரு கட்டமாகத் தேடினேன். மேடம் எதிரில் நின்றுகொண்டே இருந்தார். பட்டறையில் டீ மணி அடித்து ஓய்ந்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

“எங்க மேடம்?” என்றேன்.

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, விரலை நேராகத் தப்பான அந்தக் கோட்டின் மேல் வைத்தார்.